கஸ்பாரின் கூழாங்கல்

"எந்தப் பொண்ணு முன்னாலயும் இந்தக் கஸ்பார் குனிஞ்சதா சரித்திரம் கிடையாது. வேணும்னா அவ வந்து கேக்கட்டும்."

1979இல் கொடைக்கானல் ஏரிக்கரை டீக்கடையில் வெளியான பிரகடனம் இது. மிஷன் பள்ளியொன்றில் படம் காட்டும் மிஷினுக்கு அதிபதியான கஸ்பாருக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. யாரும் வந்து கேட்கவில்லை.

அந்த வருடம் பள்ளிக்குப் பென்குயின் படம் ஒன்று வந்தது. ஆண் பென்குயின் கூழாங்கல்லைக் கவ்விவந்து பெண்ணின் காலடியில் வைத்துத் தலை குனிகிறது. பெண்ணும் குனிந்தால் கல்யாணம் முடிந்தது. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பதில்லை, சீர்வரிசைச் சண்டை இல்லை. வகுப்பு வகுப்பாக அதை ஓட்டிய கஸ்பார் கல்லை ஏற்றுக்கொண்டார். குனிவதை மட்டும் கொள்கை காரணமாக நீக்கிவிட்டார்.

பக்கத்து ஊரான பள்ளங்கியில் அண்ணன் லூர்துசாமியோடு பூண்டு பயிரிட்டுவந்த அடைக்கலமேரியை அவர் ஞாயிறு பூசைகளில் பார்த்துப் பார்த்து மனதில் வைத்திருந்தார். வட்டக்கானல் ஓடையில் வழவழப்பான கல்லொன்றைத் தேடியெடுத்து, வெள்ளைச் சட்டைக்கு மேல் கறுப்புக் கோட்டு மாட்டி அவர்கள் காட்டுக்குப் போனார். இடுப்புயர வரப்பில் கல்லை வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கொள்கை காக்கப்பட்டது.

மலைக்காட்டில் வரப்பின்மேல் புதுக் கல் வைத்தால் ஒரே அர்த்தம்தான்: எவனோ எல்லையை மாற்றுகிறான். தென்துருவத்தில் பட்டா கிடையாது என்பதைப் படமெடுத்தவர்கள் சொல்லியிருக்கலாம்.

லூர்துசாமி மண்வெட்டியோடு வந்தார். "ஏலே கஸ்பாரு, மேக்காட்டுக்காரன் அனுப்புனானா?"

"இல்லண்ணே. இது பென்குயின் வழக்கம்."

"அது யாருலே, புது சர்வேயரா?"

கஸ்பார் படத்தை முழுக்க விளக்கினார். கேட்டு முடித்த அடைக்கலமேரி சிரிக்கவில்லை, அதுதான் மோசம்.

"கல்லுப் பொறுக்கியே எனக்கு இடுப்பு ஒடிஞ்சு கெடக்கு. நீங்க வேற வெளியிலருந்து கொண்டாறீங்களா? எனக்கு வத்தலக்குண்டுல பேசி முடிச்சாச்சுங்க. பூண்டு எடுத்ததும் கல்யாணம்."

"யாரும் சொல்லலையே."

"நீங்க யாருன்னு உங்ககிட்டச் சொல்ல?"



"போறதுன்னா வெரசாப் போங்க. எனக்குச் சோலி கெடக்கு," என்று அவள் மண்ணைக் கொத்தத் தொடங்கினாள். அவள் மண்வெட்டி பட்டு ஒரு கல் புரண்டது. கஸ்பார் கோட்டைக் கழற்றி வரப்பில் போட்டார். குனிந்து அந்தக் கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அடுத்த கல்லுக்கும் குனிந்தார். பனி இறங்கும்வரை அவள் முன்னால் கொத்திக்கொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.