ஜெசிந்தா முதலில் கண்ட ஓட்டை

செண்டாயானில் எங்கள் கணினி மையத்துக்குள் நுழையும்போது ஜெசிந்தாவின் தம்பி போனில் அழைத்தான். "அண்ணே, அக்கா போயிட்டாங்க. டெங்கின்னு ஆஸ்பத்திரியில சேத்தோம்... காலையில முடிஞ்சுபோச்சு." உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். இன்றுவரை ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவருடன் வேலை பார்த்த உங்களில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும்.

ஜெசிந்தா, ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவரின் மகள். எங்கள் குழுவில் பாதுகாப்புச் சோதனை அவர் பொறுப்பு. நின்றுகொண்டேதான் தட்டச்சு செய்வார். "உக்காந்தா மூள தூங்கிருதுண்ணே" என்பார்.

ஒரே பெரிய கணினிக்குள் பல வாடிக்கையாளர்களின் மெய்நிகர் கணினிகள் ஓடும். ஒன்றின் தகவலை மற்றொன்று பார்க்காதபடி ஒரு மென்பொருள் தடுத்து நிற்கும். அதில்தான் ஓட்டை கண்டார். மெய்நிகர் கணினி ஒன்றிலிருந்து வரும் ஓர் எண்ணை மென்பொருள் சரிபார்க்கிறது. பிறகு அதே எண்ணை மீண்டும் படித்து வேலையைச் செய்கிறது. அந்த நொடிக்கும் குறைவான இடைவெளியில் எண்ணை மாற்றிவிட்டால், பக்கத்துக் கணினியின் நினைவகம் திறந்துகொள்ளும். எனக்கு முதலில் பிடிபடவில்லை. "கேட்டுல காவக்காரன் லோரிய செக் பண்ணி, சரி போன்னுட்டான். உள்ள போறதுக்குள்ள சாமான மாத்திட்டா? அதாண்ணே இது" என்றார்.

மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினார். தாங்கள் சோதித்தபோது அப்படி நிகழவில்லை என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். எப்போதாவதுதான் நிகழும், அதனாலேயே அது ஆபத்து. அவர் விடவில்லை. எங்கள் சோதனைக் கணினிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் படித்துக் காட்டும் நிரலை எழுதி அனுப்பினார். அதன் பிறகே ஒப்புக்கொண்டு, திருத்தம் வரும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்றார்கள்.

காத்திருப்பு அவரைத் தின்றது. ஒரு கிளினிக்கின் நோயாளிக் குறிப்புகள் எங்களிடம் இருந்தன. மேலாளரிடம் சண்டை போட்டு அவற்றைத் தனிக் கணினிக்கு மாற்றவைத்தார். "வெளிய போடும்மா, பேரு ஒனக்கு வந்துரும்" என்றேன். "பேரும் வரும், கள்ளனும் வருவான் லா. மருந்து இல்லாம நோய மட்டும் சொல்லச் சொல்றீங்களா?"

திருத்தம் வந்தது. ஓட்டையைக் கண்டு சொன்னவருக்கான நன்றி அறிவிப்பில் வேறு நாட்டு ஆய்வாளர் ஒருவரின் பெயர் மட்டும் இருந்தது. ஜெசிந்தாவின் புகார் மூடிக் கிடந்த நாள்களில் அவரும் தனியாகக் கண்டு சொல்லியிருந்தாராம். ஜெசிந்தா காரை எடுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். சி ரூசா கடற்கரையில், உச்சி வெயிலில், மணலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். "மொதல்ல சொன்னது நாந்தானேண்ணே? நான் என்ன பொய்யா சொன்னேன்?" அழுதார். சட்டென்று முகத்தைத் துடைத்தார். "ஐயோ, நம்ம மெஷினெல்லாம் இன்னும் திருத்தல லா. வாங்க, போவோம்." மாலைக்குள் எல்லாவற்றிலும் திருத்தத்தை ஏற்றிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

பிறகு பலமுறை எழுதியும் நிறுவனம் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. நான் இங்கே சேர்க்கிறேன்: அதை முதலில் கண்டவர் ஜெசிந்தா.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு நிம்மதியின்மை. "ஆயிரம் தடவ ஒழுங்கா ஓடுனா சரின்னு அர்த்தமில்லண்ணே. தப்பு இன்னும் வரல, அவ்ளோதான்" என்பார். நேற்று குழுவில் ஒருவர், "டெஸ்ட் எல்லாம் ஓகே, முடிச்சுரலாமா?" என்று கேட்டார்.

"இன்னொரு தடவ ஓட்டு" என்றேன்.