சுகந்தியின்ரை நரிக்குட்டி

டொக்டரிடம் மறைக்கிறதையும் சனம் போன் திருத்துகிறவனிடம் சொல்லிவிடும். மருதனார்மடத்து ஆஞ்சநேயர் அறிய, இதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. போனைக் கீழே வைக்க முடியாமல் அவதிப்படுகிற உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நரிக்குட்டி வந்தது

சந்தியில் போன் திருத்துகிற கடை வைத்திருந்த காலம். சைக்கிள் மணி கேட்டால் அயல்வீட்டுச் சுகந்தி வாறாள் என்று தெரியும். கலியாணம் முடிந்த கையோடு புருஷன் ஜேர்மனிக்குத் திரும்பிவிட்டான். இவளும் போவதென்றால் டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, அதில் சோதனை பாஸ் பண்ண வேண்டும்.

அவளின் போனில் டொச் படிப்பிக்கிற அப் ஒன்றைப் போட்டுக்கொடுத்தேன். பாடம் செய்தால் அதில் ஒரு நரிக்குட்டி துள்ளும், புள்ளி கொட்டும். உலகம் முழுக்கப் படிக்கிற ஆட்களை அந்தப் புள்ளிப்படி பட்டியலும் போடும். ஒருநாள் விட்டாலோ விக்கி விக்கி அழும். அந்த அழுகைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பால் திரைந்ததை நானே கண்டேன்.

கொஞ்ச நாளில், "பட்டியலிலை நான்தான் முதலாமாள்!" என்று வந்து நின்றாள். எங்கை, டொச்சிலை கொஞ்சம் கதை பாப்பம் என்றேன். கடகடவென்று ஏதோ சொன்னாள். அர்த்தம் கேட்டேன்.

"என்ரை குதிரை பேப்பர் வாசிக்குது, மாமா."

சோதனை

கொழும்புக்குப் போனாள், பெயிலாகி வந்தாள். சைக்கிள் மணியே அடிக்கவில்லை. புருஷன் போனில் கோபம், இவள் முகத்தில் கண்ணீர்.

போனை வாங்கிப் பார்த்தால், முதல் பாடத்தையே திருப்பித் திருப்பிச் செய்து புள்ளி சேர்த்திருக்கிறாள். ஏன் பிள்ளை, மற்றப் பாடங்களைத் தொடவேயில்லையே என்றேன்.

"கஷ்டமானதைச் செய்தால் பிழைக்கும், மாமா. பிழைச்சால் பட்டியலிலை ரண்டாவதா நிக்கிற உந்தப் பிரேசில்காரி என்னை முந்திப்போடுவாள்!"

கிணறு

அடுத்த சோதனை நெருங்கும்போது போன் கிணற்றுக்குள் விழுந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். திறந்தேன், உள்ளே ஒரு குட்டித் தவளை உயிரோடு இருந்து என்னை முறைத்தது. சாமான் கொழும்பிலிருந்து வர வேணும், சுணங்கும் என்றேன்.

"ஐயோ, நரிக்குட்டி அழுமே!"

"அதை நான் பாக்கிறன். நீ வாத்தியார் தந்த புத்தகத்தைப் படி."

வேறு வழியில்லாமல் படித்தாள். பாஸ்! தூரத்திலேயே மணி கேட்டது. போனை நீட்டினேன். பட்டியலில் அவள் பெயர் அசையாமல் முதலாமிடத்தில் நின்றது, அத்தனையும் நான் செய்த பாடம். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உதை இனி நீங்களே வளருங்கோ, மாமா. எனக்குப் பயணத்துக்குப் பெட்டி அடுக்கவேணும்."

சுகந்தி ஜேர்மனிக்குப் போய்விட்டாள், நான்தான் இன்னும் பாடம் முடிக்காமல் சாப்பிடுவதில்லை. ஆனால் கிணற்றில் விழுந்த அந்தப் போன், கொழும்புச் சாமான் ஒன்றும் வராமலே, கொண்டுவந்த அன்று பின்னேரமே திருத்தியாகிவிட்டதென்று உங்களுக்குச் சொன்னது ஆரென்று மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ.