சிக்னல் காட்டும் அப்பா

திருவொற்றியூரில் என் மகனைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அந்த மனிதரைப் பார்ப்பேன். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொப்பை. துறைமுகத்தில் கீழே நின்று கிரேன் ஓட்டுபவருக்குக் கைஜாடை காட்டும் வேலை. அவருடைய இரண்டரை வயது மகளுக்கும் என் மகனைப் போலவே டவுன் சிண்ட்ரோம். தசைகள் தளர்ந்திருப்பதால் இருவருக்கும் நடை வரத் தாமதம்.

நான் மகனிடம் மூச்சுவிடாமல் பேசுவேன். அவர் வாயே திறக்கமாட்டார், மகளுக்கும் கைஜாடைதான். முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. ‘மெதுவாக’ என்று உள்ளங்கையைத் தாழ்த்துவார். அவளோ ‘இறக்கு’ என்று எடுத்துக்கொண்டு தொப்பென்று உட்காருவாள். தெரபிஸ்ட் தலையில் அடித்துக்கொள்வார்.

“எப்போ நடப்பா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“லோடு அந்தரத்துல கீது சார். அவசரப்பட்டா ஆவுமா?”

சொல்லி முடிக்கவில்லை, அவள் பிடித்திருந்த நடைப்பயிற்சிக் கம்பியை விட்டு ஓரடி வைத்தாள், தள்ளாடினாள். அவர் பிடிக்கப் பாய்ந்தார். அவள் குட்டி முஷ்டியை உயர்த்தினாள்.

ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். அவள் மூன்றடி நடந்துவந்து அவருடைய மற்றக் காலைக் கட்டிக்கொண்டாள்.

“உழுந்திருந்தா?” என்றேன்.

“சிக்னல் குட்த்தப்பறம் எப்டி சார் அசையறது?” என்றார், தூக்கிய காலை இன்னும் கீழே வைக்காமல்.