நான் கொம்பியூட்டர் திரையாக இருந்த காலம்

பிள்ளைகளே, சின்ன வயதில் நான் ஒரு கொம்பியூட்டர் திரையாக வேலை பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். நாலாம் ஆண்டு படிக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு தின்று கை கழுவியதும் என் வேலை தொடங்கும். விளக்கு வைக்கிற நேரம் முடியும். சம்பளம் இல்லை. ஆனால் அந்த வேலையில் எனக்கு இருந்த பெருமை, பிறகு செய்த எந்த வேலையிலும் இருந்ததில்லை.

அப்போது நாங்கள் கதிரவெளியில் இருந்தோம். அப்பா மீன் பிடிக்கக் கரைவலைக்குப் போவார். அம்மா படிப்பில் கெட்டிக்காரி என்று சொல்வார்கள். ஆனால் சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அவவின் படிப்பு பாதியில் நின்றுவிட்டது. வாகரைச் சந்தியில் ஒரு கொமினிகேசன் கடை இருந்தது. போட்டோக் கொப்பி எடுப்பார்கள், கடிதம் டைப் பண்ணிக் கொடுப்பார்கள். அங்கே ஒரு அக்கா கீபோட்டைப் பார்க்காமலே, ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டு, டக்டக்கென்று தமிழ் அடிப்பா. சந்திக்குப் போனால் அம்மா மரக்கறி வாங்குவதை மறந்துவிட்டு அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பா.

அந்த அக்காவுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. அவ வேலையை விட்டுப் போகப் போவதாகக் கேள்விப்பட்ட அன்றே, அம்மா கடைக்காரரிடம் போய் நின்றா.

"புள்ளைக்கு டைப்பிங் தெரியுமா?" என்று அவர் கேட்டார்.

"பழகிப்போட்டு வாறன்," என்றா அம்மா.

"எங்க பழகுவீங்க?"

வாகரையில் பழக்குகிறவர்கள் யாரும் இல்லை. மட்டக்களப்புக்கு ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போய்வர எங்கள் வீட்டு நிலைமை இடம் கொடுக்காது. கடைக்காரர் இரக்கப்பட்டு, "சரி, அம்மன் கோயில் சடங்கு மாசத்துக்கு முந்தி வந்து ஒரு பக்கம் அடிச்சிக் காட்டுங்க. இன்னொரு புள்ளையும் கேட்டிருக்கி. ஆரு நல்லா அடிக்கிறாவோ அவக்குத்தான் கதிரையும் வேலையும்," என்றார்.

இங்கேதான் என் மாமா வருகிறார். மாமா அம்மாவின் தம்பி. வள்ளங்களுக்குப் பூட்டுகிற எஞ்சின் திருத்துவது அவர் தொழில். எதையும் கழற்றுவார், எதையும் பூட்டுவார். பூட்டி முடித்த பிறகு ஒரு ஆணியோ நட்டோ கையில் மிஞ்சும். "இது கொம்பனிக்காரன் கூடப் போட்ட சாமான்" என்று சொல்லிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். எஞ்சினும் எப்படியோ ஓடும்.

அம்மாவின் ஆசையைக் கேட்ட மாமா, மட்டக்களப்பில் யாரோ கழித்துவிட்ட பழைய கீபோட் ஒன்றை உரப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். கொம்பியூட்டர் இல்லை, வெறும் கீபோட் மட்டும். அதன் வயரும் அறுந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு பட்டனிலும் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டியாகத் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தது. எங்கள் பக்கத்துக் கடைகளில் எல்லாம் ஓடுகிற பாமினி என்ற எழுத்து வரிசை அது. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறந்த குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினா.

ஆனால் பட்டன்களுக்கு இடையில் ஒரே மண்ணும் அழுக்கும். மாமா விடுவாரா? "சேர்விஸ் பண்ணினால் சரி," என்று எஞ்சின் கழற்றுவதுபோல எல்லாப் பட்டனையும் நெம்பிக் கழற்றினார். சவுக்காரம் போட்டுக் கழுவினார். எங்கள் வீட்டுச் சுளகை எடுத்து, எந்த வரிசையில் கழற்றினாரோ அதே வரிசையில் அதில் அடுக்கி, வெயிலில் வைத்தார். "இதத் தொடாத மருமகன், கணக்கா வெச்சிருக்கன்," என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

நான் தொடவில்லை. ஆனால் குசினிக்குள் இருந்து வந்த அம்மா சுளகைப் பார்த்தா. அதில் காய்ந்துபோன மண் பொடி ஒட்டிக் கிடந்தது. எங்கள் ஊர்ப் பெண்களின் கை உங்களுக்குத் தெரியும். சுளகில் ஏதும் கிடந்தால், அது என்ன ஏது என்று கேட்க முன்னமே கை தூக்கிவிடும். அம்மா சுளகைத் தூக்கி, காற்றுப் பார்த்து நின்று, புடை புடை என்று புடைத்துவிட்டா. மண் பறந்தது. எழுத்தெல்லாம் துள்ளிக் குதித்து ஒரு மூலையில் குவிந்தது.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். சுளகைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது.

"மண் போகப் புடைச்சிப்போட்டன் தம்பி," என்றா அம்மா, உதவி செய்தவ மாதிரி.

"ஆ... அதுக்கென்னக்கா. எனக்கு எல்லாம் ஞாபகம் இரிக்கி," என்றார் மாமா.

அவர் பூட்டத் தொடங்கினார். எந்தப் பட்டனும் எந்தக் குழிக்குள்ளும் போய்ச் சரியாக இருந்தது. ஆங்கில எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த எழுத்துக்கள் கீபோட்டில் பிறக்கும்போதே ஒழுங்கில்லாமல்தான் பிறந்திருக்கின்றன. அதனால், குழம்பியதா குழம்பாததா என்று பார்த்துச் சொல்ல எங்கள் வீட்டில் யாராலும் முடியவில்லை. கடைசியில் மாமாவின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவருடைய வாழ்நாளில் அதுதான் முதல்தரம். வெற்றி பெற்றவர் மாதிரிச் சிரித்தார்.

அடுத்த நாள் அம்மா பழகத் தொடங்கினா. அடித்துப் பார்த்தா; சத்தம் வந்தது, எழுத்து எங்கே வரும்? அப்போதுதான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. முற்றத்து மண்ணில் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தட்டி மட்டமாக்குவேன். அதுதான் திரை. அம்மா வாசற்படியில் கீபோட்டை மடியில் வைத்து அடிப்பா. அவவின் விரல் எந்தப் பட்டனில் விழுகிறதோ, அதில் இருக்கிற எழுத்தை நான் மண்ணில் எழுத வேண்டும். கையால் எழுதுகிற மாதிரி, 'மே' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'ம'.

"மனே, என்ன விழுந்திருக்கி?"

"கடதாசி எண்டு அடிக்கப் போய் கடசாதி எண்டு அடிச்சிருக்கீங்க."

"அழி, அழி!"

நான் குதிக்காலால் தேய்த்து அழிப்பேன். சில நேரம் பக்கத்து வீட்டுக் கோழி திரையின் மேலே நடந்து போகும். "மனே, கொம்பியூட்டர் பழுதாப் போச்சி," என்று அம்மா விழுந்து விழுந்து சிரிப்பா. அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்ப்பார். "கறண்ட் இல்லாத சாமானோட தாயும் மகனும் என்ன கதைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, திரையை மிதிக்காமல் சுற்றிப் போவார்.

மழைக்காலம் முடிவதற்குள் அம்மா கீபோட்டைப் பார்க்காமலே அடித்தா. நான் எழுத எழுத என் கை நொந்ததே தவிர, அவ விரல் நிற்கவில்லை. பிழையே இல்லை. நான் சத்தியம் பண்ணுவேன்.

சோதனை நாள் வந்தது. மாமா தன் மோட்டார் சைக்கிளில் எங்கள் இருவரையும் ஏற்றி வாகரைக்குக் கொண்டுபோனார். நானும் போக வேண்டும் என்று அம்மாதான் சொன்னா. திரை இல்லாமல் எப்படிப் போவது? மாமா வெளியில் நின்று ஆட்டோக்காரர்களிடம், "உள்ள அக்கா டைப்பிங் அடிக்கிறா. எண்ட கீபோட்டில பழகினவ," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் கையால் எழுதிய அம்மன் கோயில் சடங்கு அறிவித்தல் ஒன்றை முன்னால் வைத்தார். அம்மா கதிரையில் இருந்தா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினா. தாளைப் பார்த்தபடி அடித்தா பாருங்கள், கடைக்குள் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மழை பெய்த மாதிரிச் சத்தம். அந்த அக்காவை விட வேகம்.

கடைக்காரர் மொனிட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"புள்ள, இது என்ன பாசை?"

அம்மா அப்போதுதான் நிமிர்ந்தா. மொனிட்டர் நிறையத் தமிழ் எழுத்துத்தான். ஆனால் ஒரு சொல்லையும் வாயால் சொல்ல முடியாது. அவ கடைக்காரரைப் பார்க்கவில்லை, மொனிட்டரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தா.

"மனே, இன்னொருக்கா அடிக்கிறன். கையப் பாத்து வாசி."

நான் வழக்கம்போல் விரல்களைப் பார்த்தேன். விரல் எல்லாம் எனக்குத் தெரிந்த இடத்துக்குத்தான் போயின. ஆனால் அங்கே இருந்த எழுத்துக்கள் வேறு எழுத்துக்கள்! எங்கள் வீட்டு 'அ' இருந்த வீட்டில் 'ட' குடியிருந்தது. நான் விழுந்ததை விழுந்தபடியே சத்தமாக வாசித்தேன். "ட... ழூ... கு... ளொ..." கடையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைக்காரர் மட்டும் மொனிட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, ரெண்டு மொனிட்டரும் ஒண்டைத்தான் காட்டுது!"

அம்மா கையை எடுத்தா. கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்தா. திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டா.

"ஐயோ... சுளகு!"

பிறகு சிரிப்பும் அழுகையுமாக எல்லாக் கதையையும் சொன்னா. சேர்விஸ் பண்ணியது, வெயிலில் வைத்தது, தான் புடைத்தது எல்லாம். "பிழை எண்ட பிழைதான். எண்ட தம்பிக்கிட்டச் சொல்லிப் போடாதீங்க. அவன் பாவம்," என்றா.

கடைக்காரர் இரண்டு தரம் அடித்ததையும் பிறின்ட் எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தது.

"பிழையக்கூடப் பிழையில்லாம அடிச்சிருக்கிறா," என்று அவர் தனக்குத்தானே சொன்னார். பிறகு அம்மாவிடம், "சடங்குக்குக் கோயில் கதவு திறக்க இன்னும் நாள் இரிக்கி. போய்த் திருத்திப்போட்டு வாங்க. இந்த நோட்டீஸ நீங்க வந்து அடிக்கிறதுக்குத்தான் வெச்சிருக்கப் போறன். ஆனா அதுக்குள்ள வராட்டி மற்றப் புள்ளைதான்," என்றார். சரியான எழுத்து வரிசை உள்ள தாள் ஒன்றையும் கொப்பி எடுத்துக் கொடுத்தார்.

வெளியில் வந்ததும் மாமா, "என்னவாம்?" என்றார். எனக்கு வாய் துறுதுறுத்தது. அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினா. "வேகம் நல்லாம். இன்னும் கொஞ்சம் பழகட்டாம்," என்றா.

மாமா வலைக்காரரோடு வாவிக்குப் போன நேரம் பார்த்து, நானும் அம்மாவும் கரண்டிக் காம்பால் பட்டன்களைக் கழற்றித் தாளைப் பார்த்துப் பூட்டினோம். கோழி வராமல் கதவைச் சாத்தி வைத்தோம். சுளகு பக்கமே போகவில்லை.

பழகியதை மறப்பதுதான் பெரிய பாடு, பிள்ளைகளே. அம்மாவின் விரல்கள் பழைய வீட்டுக்கே ஓடின. சோறு வடிக்கும்போது பானை மூடியில் அடிப்பா. என்னைக் குளிக்க வார்க்கும்போது முதுகில் அடிப்பா. என்ன சொல் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருநாள் அவ கண்டுபிடித்தா: 'அம்மா' என்று அடிக்க வலது கை மட்டும் போதும், 'அப்பா' என்றால் இடது கையும் சேர வேண்டும். அப்பாவிடம் சொன்னோம். "பாத்தியா, என்னைச் சமாளிக்க ரெண்டு கை வேணும்," என்று அவர் மீசையை முறுக்கினார்.

கோயில் கதவு திறக்க முன்னம் அம்மா போனா, அடித்தா. சடங்கு அறிவித்தல் கோயில் மதிலில் ஒட்டப்பட்டது. நான் அதற்கு முன்னால் நின்று, போகிறவர் வருகிறவரை எல்லாம் மறித்து வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குக் கதிரை கிடைத்தது.

எனக்குத்தான் வேலை போனது. பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குப் போனால் அம்மா மொனிட்டரைத்தான் பார்ப்பா. ஆனாலும் பின்னேரம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்ததும், "மனே, கொஞ்சம் பழகுவமா?" என்று அந்த வயர் அறுந்த கீபோட்டை எடுத்துக்கொண்டு வாசற்படியில் வந்து இருப்பா. நான் மண்ணைத் தட்டிவிட்டு எழுதுவேன். 'இண்டைக்குப் பள்ளியில் என்ன படிச்ச?' என்று விழும். 'முழங்காலில் என்ன காயம்?' என்று விழும். வசனம் பழகுகிறா என்று நினைத்துக்கொண்டு, பதிலை வாயால் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு மண்ணைத் தட்டுவேன். பாவம் அம்மா, வேலை கிடைத்தும் இன்னும் சரிவரவில்லை என்று எனக்குள்ளே ஒரே கவலை.

ஒருநாள் அந்தக் கவலை தாங்க முடியாமல், கடையில் அம்மா அந்தப் பக்கம் திரும்பி அடித்துக்கொண்டிருக்கும்போது, கடைக்காரரின் காதுக்குள் போய்ச் சொன்னேன்:

"கடை மாமா, அம்மாக்கு இன்னும் வடிவாத் தெரியா. வீட்ட வந்தும் ஒவ்வொரு நாளும் பழகிறா. நான்தான் பாத்துக் குடுக்கிறன். வேலையால நிப்பாட்டிப் போடாதீங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த டக்டக் சத்தம் ஒரு கணம் நின்றது. அவ திரும்பவில்லை.

"நிப்பாட்ட மாட்டன் மகன்," என்றார் கடைக்காரர், மிகவும் பாரமான குரலில். "ஆனா நீ அவவ விட்டுப் போடாத. இன்னும் கொஞ்ச நாளைக்குப் பழக்கு."

நான் பொறுப்போடு தலையாட்டினேன். பெரியவர்கள் எவ்வளவு மெதுவாகப் படிக்கிறார்கள் என்று நினைத்தேன்.