கண் எண்ணி நட்ட உருளைக்கிழங்கு

என் வீட்டுக்காரர் மூணாறு தேயிலைத் தோட்டத்தில் நாலு வருஷம் கணக்கெழுதினார். வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது அவர் கொண்டு வந்தது ஒரு கம்பளியும் அரைச் சாக்கு விதை உருளைக்கிழங்கும்.

கொல்லையில் எனக்கு ஒரு சேனைக்கிழங்குத் தடம் உண்டு. மார்கழி தொடங்கி நாலைந்து மாசம் எங்கள் வீட்டுக் கறி அதுதான். அதில் பாதியைக் கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது; மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்.

மலையில் இருந்தாரே தவிர மண்ணைத் தொட்டவரில்லை. துண்டுக்கு இரண்டு கண் வேண்டும் என்று மட்டும் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணி எண்ணி வெட்டினார். மற்றதெல்லாம் சேனைக்குச் செய்வதுதான். சாணிக் கரைசலில் முக்கி, சாம்பல் புரட்டி, முழ ஆழக் குழியில் சருகு போட்டு, மாசிப் பௌர்ணமியன்று நட்டார். அன்று நட்டால் சேனை நிலவளவு பருக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உருளைக்கும் நிலவுக்கும் என்ன உறவோ.

"குளிருல வெளையது இந்த வெயிலுல வருமா?" என்றேன்.

"ஏட்டி, கெழங்குன்னா எல்லாம் ஒண்ணுதான். நீ சும்மா கெட."

நட்டதோடு விட்டாரா? மண்டைக்காட்டு அம்மன் கொடைக்குப் போன இடத்தில் என் அண்ணனிடம், "வைகாசியில வாங்க மச்சான், நம்ம தோட்டத்து உருளைக்கெழங்கு கறி வச்சுத் தாரேன்" என்றார். அண்ணனுக்கு அஞ்சுகிராமத்தில் ஜவுளிக்கடை. இவர் வேலையை விட்டு வந்த நாள் முதல் அவருக்கு இவர் என்றால் இளப்பம். அன்று அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பங்குனி வெயிலில் பாதி அழுகியது. மீதி நோஞ்சான் செடியாக நின்றது. அண்ணன் வருவதற்கு இரண்டு நாள் முன்பு கிளறிப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவில்கூட ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரரை நான் எவ்வளவும் பழிப்பேன். அண்ணன் பழித்தால் எனக்குப் பொறுக்காது. கோட்டாறு சந்தையில் இரண்டு ராத்தல் உருளை வாங்கி வந்தேன். அண்ணன் வரும் நாள் காலையில், இவர் குளத்துக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்துச் செடிகளின் அடியில் புதைத்து வைத்தேன்.

இவர் அண்ணன் கண்முன்னாலேயே தோண்டினார். கிழங்கு வேரில் ஒட்டாமல் தனியாகக் கிடந்ததை இரண்டு மேதைகளும் கவனிக்கவில்லை. அண்ணனே குனிந்து கிழங்கு பொறுக்கியதைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது.

கறிக்கு இவர் பாதியைத்தான் தந்தார். மீதியைச் சாம்பலில் புரட்டி உறியில் வைத்தார்.

"இதுல கை வச்சிராத. நம்ம மண்ணுக்குப் பழகுன வித்து. அடுத்த மாசிக்கு சேனைத் தடம் முழுசும் உருளைதான்."



"எனக்கும் ரெண்டு வித்து தாங்க மாப்பிளே" என்றார் அண்ணன்.