கதவெண் இல்லாத விலாசம்

ஊரில் அவளுக்கு வைத்த பெயர் சளியக்கா. வைத்தவன் யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவனை அவளே நேரில் போய்க் கவனித்திருப்பாள். ஆஸ்பத்திரியின் காசநோய்ப் பிரிவில் களப்பணியாளர். தோளில் ஒரு பை, பைக்குள் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யாராக இருந்தாலும் டப்பாவை நீட்டிவிடுவாள். காலையில் எழுந்ததும், பல் தேய்க்கும் முன், நெஞ்சிலிருந்து இழுத்துத் துப்ப வேண்டும், எச்சில் வேண்டாம், சளிதான் வேண்டும். பதினான்கு வருடமாக இதே பாட்டு. கல்யாண வீட்டில் அவள் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் நாற்காலி காலி. நல்லதாகப் போயிற்று, கைப்பையை வைக்க இடம் கிடைத்தது என்பாள்.

கோபம் அவளுக்கு மூக்கு நுனியில். ஒரு பஸ் கண்டக்டர் இரண்டு நாள் மாத்திரையை விட்டுவிட்டார் என்று, அவருடைய பஸ்ஸிலேயே ஏறி, டிக்கெட்டும் வாங்கி, அவரை விழுங்க வைத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கியவள். பார்த்தவர்களிடம் தலைவலி மாத்திரை என்று சொல்லிவிட்டாள். எத்தனை கோபம் வந்தாலும் நோயாளியின் பெயர் மட்டும் அவள் வாயிலிருந்து வராது. அதில் அவள் கல்லு.

அந்தக் கல்லில்தான் ஊர் தன் பொய்யை எழுதிக்கொண்டது.

ஆற்றுப் பாலம் கட்டுகிற கம்பெனி, எல்லைக்கு அப்பாலிருந்து முந்நூறு பேரைக் கூட்டி வந்து ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் அடைத்து வைத்திருந்தது. ஒரு அறைக்குப் பதினாறு பேர், ஜன்னல் என்ற பேச்சே இல்லை. சளியக்கா அங்கே போய் முந்நூறு பேரிடமும் டப்பாவை நீட்டினாள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பதினேழு பேருக்கு நோய் இருந்தது. அவர்கள் மொழியில் அவள் கற்றுக்கொண்டது மூன்றே வார்த்தை: துப்பு, விழுங்கு, நாளைக்கு. மீதியை அங்கிருந்த, கொஞ்சம் தமிழ் தெரிந்த வெல்டர் பார்த்துக்கொண்டான். அவனும் அந்தப் பதினேழில் ஒருவன். காலையில் அவள் போவதற்குள் மற்ற பதினாறு பேரையும் தண்ணீர்க் குவளையோடு வரிசையில் நிறுத்தி வைத்திருப்பான். ஆறு மாத மருந்து. நான்கு மாதம் ஒரு நாள் தவறாமல் முடிந்திருந்தது. நடுவில் விட்டால் நோய் மருந்துக்குப் பழகிக்கொண்டு, முன்னைவிட முரடாகத் திரும்பி வரும். அதனால் மீதி இரண்டு மாதம் அவளுக்கு உயிர்.

ஊருக்குள் கதையே வேறு. கேட்டைத் திறக்கவே யோசிப்பார்கள். "எங்க வீட்டுல அந்த மாதிரி வியாதியெல்லாம் வராது" என்று, ஏதோ நோய் ஜாதகம் பார்த்துவிட்டு வருகிற மாதிரி பதில் வரும். அப்படியும் வந்தது. முதலில் மளிகைக்கடைக்காரர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பதிவேட்டில் தன் வீட்டு விலாசத்தைப் போட்டால் சுகாதார ஆய்வாளர் வீடு தேடி வருவார், வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை என்பார், தெரு முழுக்கத் தெரியும், கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். வேறு ஏதாவது விலாசம் போட முடியாதா என்று கெஞ்சினார். அவள் யோசித்தாள். கொட்டகைக்குக் கதவெண் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. எத்தனை பேரைப் போட்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. எழுதிவிட்டாள். மனுஷன் மருந்தைச் சாப்பிட்டால் சரி என்று நினைத்தாள்.

ஒன்று பதினொன்றானது. வக்கீல் குமாஸ்தா, தையல்காரி, ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து அதையே கெஞ்சினார்கள். பதினோராவது ஆள் அவளுடைய சொந்த அக்கா. ஒன்றாம் வகுப்பு டீச்சர். முதுகுவலி என்று பள்ளியில் லீவு சொல்லிவிட்டு மருந்தைத் தொடங்கினாள். மகளுக்கு வரன் கூடிவருகிற நேரம், வெளியே தெரிந்தால் பெண்ணின் வாழ்க்கை போச்சு என்று தங்கையின் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். அந்த மகளையாவது பரிசோதிக்கலாம் என்று சளியக்கா பத்து முறை சொல்லிப் பார்த்தாள். கல்யாணம் முடியட்டும் என்றே பதில் வந்தது.

மாதக் கடைசியில் மேலே போவது எண்ணிக்கை மட்டும்தான். ஊரில் மொத்தம் முப்பத்திரண்டு நோயாளிகள். அதில் கொட்டகை இருபத்தெட்டு. அந்தத் தாள் எப்படியோ நழுவி, செல்போனிலிருந்து செல்போனுக்குத் தாவியது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வந்தேறிகள் நோயை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள் என்றார்கள். டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர் வந்தது, அடுத்த வாரம் டீயே இல்லை. முடி வெட்டுகிறவர் மாட்டேன் என்றார். தொலைக்காட்சியில் கோட் போட்ட நால்வர் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பேசவிடாமல், எல்லையை மூடலாமா வேண்டாமா என்று கத்தினார்கள். அந்த நால்வரில் ஒருவராவது ஒரு டப்பாவைக் கையால் தொட்டிருப்பாரா? நகர மன்றத் தலைவர், ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம், ஊரே முடிவு செய்யட்டும் என்றார். முடிவை அவரும் கம்பெனியும் முன்பே எடுத்தாயிற்று. ஊர் கைதட்ட வேண்டியதுதான் பாக்கி.

சளியக்காவுக்கு முதலில் ஊர்க்காரர்கள்மேல்தான் கோபம் வந்தது. தேடின இடத்தில்தானே கிடைக்கும், உங்கள் கேட்டைத் திறந்தீர்களா என்று மனதுக்குள் ஊரையே திட்டித் தீர்த்தாள். பிறகு அந்த இருபத்தெட்டு கண்ணில் குத்தியது. அது அவள் கையெழுத்து. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டையும் இடம் மாற்றி வைத்தவள் அவள்தான்.

ஞாயிறு மாலை மன்றக் கூடத்தில் நிற்க இடமில்லை. தலைவர் தாளை உயர்த்திக் காட்டி, நாளைக் காலையிலேயே கொட்டகை காலி என்றார். கூடம் அதிரக் கைதட்டல். சளியக்கா முன்வரிசையைப் பார்த்தாள். மளிகைக்கடைக்காரர் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் போஸ்ட் மாஸ்டர். மூன்றாவது வரிசையில் மகளோடு அக்கா, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, மெதுவாக, ஆனால் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். பச்சைப் புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துகிற கை. சளியக்கா எழுந்து நேராக மேடைக்குப் போனாள். மைக்கைக் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாள்.

"இந்தத் தாள் தப்பு. எழுதினது நான்தான். இருபத்தெட்டுல பதினொரு பேர் நம்ம ஊர்க்காரங்க. வீட்டு அட்ரஸ் போடாதேன்னு என்கிட்ட அழுதாங்க. நான் கொட்டகைன்னு எழுதினேன். அங்க நிஜமா இருக்கறது பதினேழு பேர். நம்ம ஊருக்குள்ள பதினஞ்சு பேர். அதுவும் கதவைத் திறந்தவங்க கணக்கு மட்டும்."

பெயரைச் சொல்லு, பெயரைச் சொல்லு என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. சொல்ல மாட்டேன் என்றாள். ஆதாரம் இல்லாமல் ஊரைக் கேவலப்படுத்துகிறாயா என்று தலைவர் கேட்டார்.

"ஆதாரம் இங்கதான் உக்காந்திருக்கு. நான் காட்டிக் கொடுக்க மாட்டேன். ஆனா அந்தப் பதினேழு பேரை நாளைக்கு விரட்டினா மருந்து நின்னுடும். ரெண்டு மாசம், அவ்வளவுதான் கேக்கறேன். அந்தப் பதினொரு பேர்ல ஒருத்தர் எழுந்து நின்னா போதும். ஒரே ஒருத்தர்."

ஒருவரும் நிற்கவில்லை. மளிகைக்கடைக்காரர் செருப்பைப் பார்த்தார். தையல்காரி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சேலையைப் பற்றிக் கேட்டாள். எல்லோரும் பக்கத்து ஆளை ஒரு தினுசாகப் பார்த்தார்கள். நாற்காலிகள் அரை அடி அரை அடியாக நகர்ந்தன.

கடைசியில் எழுந்தது அக்காதான். சளியக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆயிரம் இருந்தாலும் கூடப் பிறந்தவள் என்று நினைத்துக் கண்ணைத் துடைக்கக்கூடப் போனாள்.

"என் தங்கச்சிதான். சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன்," என்றாள் அக்கா. வகுப்பில் பேசுகிற அதே தெளிவான குரல். "அவ சொல்றது பொய். அந்த ஆளுங்களோட பழகிப் பழகி அவங்க மேல அவளுக்குப் பாசம். அவங்களைக் காப்பாத்தறதுக்கு நம்ம மேல பழி போடறா."

டீச்சரே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? இப்போது தட்டிய தட்டலில் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் விழுந்தது. எழுந்து நின்றால் போதும் என்று அவள் கேட்டாள். அக்கா நிற்கத்தான் செய்தாள், மகராசி.

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்கு ஓடினாள். கம்பெனி பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன. எந்த ஊருக்கு என்று டிரைவர்களுக்கே சொல்லவில்லை. வெல்டர் பதினாறு பேரையும் வழக்கம் போல வரிசையில் நிறுத்தியிருந்தான், குவளைகளோடு. காவலாளி ஏறு ஏறு என்று விரட்டினான். அவள் பையில் இருந்த மாத்திரை அத்தனையும் ஆளுக்குப் பன்னிரண்டு நாளுக்குத்தான் வந்தது. சிகிச்சை அட்டைகளில் தன் போன் நம்பரை எழுதி, எல்லாவற்றையும் அவன் கையில் திணித்தாள். நாளைக்கு என்ற அவர்கள் வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. அவன்தான் தமிழில் சொன்னான்.

"அக்கா, பன்னெண்டு நாள் நான் குடுக்கறேன். பதிமூணாவது நாள் யாரு?"

பஸ் போய்விட்டது. அப்போதே ஆஸ்பத்திரியிலிருந்து போன். பதிவேட்டைத் திருத்திக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், விசாரணை முடியும்வரை வேலை கிடையாது. சரி என்று வைத்துவிட்டாள். அந்த வேலைக்காக அவளுக்கு அப்போது ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. கடுங்கோபம் மட்டும் இருந்தது.

நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். தனியாக ஒரு உறையில் எடுத்து வைத்திருந்த அன்றைய மாத்திரையை நீட்டினாள். எவ்வளவு துரோகம் செய்தாலும் நோயாளி நோயாளிதான். இந்தத் தொழிலின் சாபம் அது. அக்கா வாங்கி விழுங்கினாள். நேற்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கொட்டகைதான் காலியாயிடுச்சே. இனிமே எனக்கு எந்த அட்ரஸ் போடுவே?"

அந்தக் கேள்வியில் வெட்கம் இல்லை, வருத்தம் இல்லை. வெறும் கவலை. சளியக்கா பையிலிருந்து பதிவேட்டை எடுத்தாள்.

"அந்தப் பதினேழு பேருக்கு எந்த அட்ரஸ் போடறதுன்னு முதல்ல நீ சொல்லு."

சளியக்கா பதிவேட்டை அந்தச் சாப்பாட்டு மேஜையிலேயே விரித்து, கொட்டகை என்று இருந்ததை அடித்துவிட்டு, அக்காவின் கதவெண்ணையும் தெருவையும் கொட்டை எழுத்தில் எழுதினாள். சத்தியம் பண்ணினாயே என்று அக்கா கையைப் பிடித்தாள். பிடித்த கையை விலக்கிவிட்டு, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். அது யாருக்கென்று அக்காவுக்குத் தெரியும்.

உள்ளறை வாசலில் அக்காவின் மகள் வந்து நின்றிருந்தாள். டப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா குப்பைக்கூடையில மாத்திரை உறையைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன் சித்தி," என்றாள். "நேத்து அம்மா எழுந்தப்போ, உண்மையைத்தான் சொல்லப் போறாங்கன்னு நெனச்சேன். அவங்க பேசி முடிச்சதும் ஊரோட சேர்ந்து நானும் கை தட்டிட்டேன்."