எண்பத்திரண்டு ராத்தல்

அன்று காலை ஆறு மணியிலிருந்தே யோகத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூரில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண் அவள். ஒரு மாதப் பயிற்சிக்காக முதன்முறையாக மலாயாவின் ஜொகூருக்கு வந்திருந்தாள்; அன்றுதான் முதல் நாள். சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரி வாசலுக்கும் வார்டுக்கும் இடையே எத்தனை தடவை நடந்தாளோ! வெள்ளை மேலங்கியின் பொத்தானைத் திருகித் திருகி நூலே தளர்ந்துவிட்டது.

அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் கனகசபை அவளைக் கூப்பிட்டார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான்.

"பிள்ளை, இஞ்சை தராசடியிலை நில்லும். ஒவ்வொரு பொம்பிளையா ஏத்தி எடையைச் சொல்லும். நான் அட்டையிலை எழுதுறன்."

ரப்பர் ஷீட் நிறுக்கும் பெரிய தராசு அது. எதிரே சுவரோரமாகப் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"எல்லாருக்கும் ஏன் எடை, ஐயா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ரப்பர் விலை விழுந்து போச்செல்லே. ஆள் குறைக்கப் போகினம். எண்பது ராத்தலுக்குக் குறைஞ்ச பொம்பிளை வேலைக்கு ஆகாதெண்டு தோட்டத்துத் துரை சொல்லிப்போட்டார். வெள்ளிக்கிழமை கப்பலிலை ஊருக்கு அனுப்பிவிடுவினம்."

"புருஷன்மார்?"

"பால் வெட்டத் தெம்பிருந்தால் அவையள் இஞ்சைதான்."

யோகத்துக்குத் தராசு முள்ளைப் பார்க்கவே பயமாக இருந்தது. எண்பத்தாறு, தொண்ணூற்றொன்று, எண்பத்துநாலு... ஒவ்வொருத்தி இறங்கும்போதும் அவளுக்கு மூச்சு வந்தது.

ஒன்பதாவதாக ஏறியவள் பேச்சியம்மாள். முப்பது வயதிருக்கும். சோகை பிடித்து வெளுத்த முகம், குச்சிக் கைகள். தடுமாறியவளைத் தாங்கப் போன யோகத்தின் கை அவள் வயிற்றில் பட்டது. கல்! சேலைக்குள்ளே அம்மிக்குழவியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். துரை சொன்னது அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"டாக்டரம்மா, உங்களப் பெத்தவங்க நல்லா இருப்பாங்க, சொல்லிடாதீங்க," அவள் உதடு மட்டும் அசைந்தது. "அவர இங்க விட்டுட்டு நான் ஒத்தையா கப்பல் ஏற மாட்டேன். ஏறுனா கடல்லதான் விழுவேன்."

அந்தக் கண்களைப் பார்த்த பிறகு காட்டிக்கொடுக்க யாருக்குத்தான் வாய் வரும்? முள் காட்டியதையே யோகம் உரக்கச் சொன்னாள்.

"எண்பத்திரண்டு!"

"ஏண்டி பேச்சி," வரிசையிலிருந்த செல்லம் கைகொட்டிச் சிரித்தாள். "நேத்து வரைக்கும் காத்துல பறந்தவ, ராத்திரி எந்த ஆனையத் தின்ன?"

"ஒம் மாமியார! சும்மா நில்லுடி," என்றாள் பேச்சியம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். யோகமும் சிரித்தாள். மருத்துவத்தில் தன் முதல் தர்மம் இதுதான் என்று உள்ளம் பூரித்துக்கூடப் போனாள், பேதை!

பத்து மணிக்குக் கனகசபை பழுப்புப் புட்டியைத் திறந்தார். வயிற்றுக் கொக்கிப்புழுவுக்கு மருந்து. நாற்றம் வார்டெங்கும் பரவியது. அவர் ஒவ்வோர் அட்டையையும் பார்த்துப் பார்த்து, சொட்டு எண்ணி ஊற்றினார்.

"என்ன பார்க்கிறீர்? எடைக்கேத்த அளவு. இது பொல்லாத மருந்து, பிள்ளை. கூடினால் ஈரலைத் தின்னும்."

இதே வரியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள் யோகம்! காலையில் கப்பல் ஒன்றே கண்ணில் நின்றது. அட்டையில் ஏறும் எடை மருந்துக்கும்தான் என்பது தோன்றவேயில்லை. திரும்பினாள். பேச்சியம்மாள் கிண்ணத்தை வாயருகே கொண்டு போய்விட்டாள்.

"குடிக்காதையுங்கோ!"

பாய்ந்து தட்டிவிட்டாள். கிண்ணம் உருண்டது. மருந்து இருவர் மேலும் தெறித்தது. வார்டே எழுந்து நின்றது. அழுதுகொண்டே யோகம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"படிச்ச பிள்ளை செய்யிற வேலையோ இது?" கனகசபை புட்டியைத் தள்ளி வைத்தார். "முதல் நாளே என்ர கையாலை ஒரு உயிரை எடுப்பிச்சிருப்பீர்!"

குழவியை அவிழ்த்து மறுபடி நிறுத்தார்கள். எழுபத்திரண்டு.

பேச்சியம்மாள் அழவில்லை. சுவரோரம் போய் உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டாள். புதிதாக ஊற்றிய கிண்ணத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"உசுரு போகும்னு காப்பாத்துனீங்களாக்கும்? அவரு இல்லாம எனக்கு எதுக்கு இந்த உசுரு? கப்பல் பட்டியல்ல எம் பேர அழிச்சிட்டு வாங்க, குடிக்கிறேன்."

பட்டியலை மாற்றக்கூடியவர் பெரிய டாக்டர்தான்; அவர் கார் பன்னிரண்டு மணிக்குத்தான் வரும். அதுவரை யோகம் உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சொல்ல வேண்டிய ஆங்கிலத்தை முணுமுணுத்தபடி நடந்துகொண்டே இருந்தாள். கார் நின்றதும் ஓடிப் போய்க் கதவடியில் நின்றாள்.

அந்த வெள்ளைக்கார டாக்டர் பொறுமைசாலி அல்ல. நடந்ததைக் கேட்டதும் முகம் சிவந்தது. சிங்கப்பூருக்கு எழுதி அவளைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார். "அனுப்புங்கள்," என்றாள் யோகம். "ஆனால் அவள் இரத்தத்தைப் புழு குடிக்கிறது. புழுவை எடுக்காமல் எடையைப் பார்த்து எப்படித் தள்ளலாம்? மருந்து கொடுத்து ஒரு மாதம் கழித்து நிறுங்கள்."

அவர் நெடுநேரம் பட்டியலைப் புரட்டினார். பிறகு ஒரு பெயரின் மேல் கோடு கிழித்தார். ஒரு மாதம். அப்போதும் எண்பது வராவிட்டால், கப்பல் சீட்டில் யோகமே கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் ஓடி வந்து சொன்னாள். பேச்சியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு மாசந்தானா?"

"ஓம். ஒரு மாசந்தான் கிடைச்சது."

பேச்சியம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். உடம்பெல்லாம் குலுங்கியது.

"தூ! இந்தக் கருமத்தக் குடிச்சா எட எங்கேருந்து ஏறும்? நாளைக்கே முட்ட கொண்டாங்க, டாக்டரம்மா. ரெண்டு."